எந்த வருசம் வரைக்கும்? – நமது கைகளில் வந்து போன போன்களின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு அல்லது வீட்டுக்கு ஒரு போன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஜனவரி 1ஆம் திகதியோடு அன்ட்ரொயிட் 4.4இலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் வட்ஸ்அப் நின்றது. அதே ஆண்டு ஐபோன் 5எஸ், ஐபோன் 6 ஆகியவற்றிலும் நின்றது. இப்படியான நேரங்களில் பெற்றோர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “போன் நல்லாத்தான் இரிக்கி சேர், வட்ஸ்அப் மட்டும் வேல செய்யிதில்ல.” அவர்கள் சொல்வது சரி. திரை உடையவில்லை, பற்றரி ஊதவில்லை. செத்துப்போனது போனுக்குள் இருக்கும் இயங்குதளம்.

இது புதிதாக நடப்பதல்ல. இருபது வருடமாக ஒரே கதை வெவ்வேறு பெயர்களில் நடக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், கடையில் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது விளங்கும்.

முதலில் ‘ஆதரவு’ என்றால் என்ன?

போன் என்பது இரும்பும் கண்ணாடியும் மட்டுமல்ல. அதை இயக்கும் மென்பொருளே இயங்குதளம். அதை உருவாக்கியவர்கள் இரண்டு வகையான அப்டேட் தருகிறார்கள். ஒன்று, புதிய பதிப்பு. புதிய வசதிகள் அதில் வரும். மற்றது, பாதுகாப்பு அப்டேட். திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது அவற்றை அடைப்பது அது. இவை வந்துகொண்டிருக்கும் காலமே ஆதரவுக் காலம்.

நமது கல்லடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1924இல் கட்டப்பட்டு லேடி மன்னிங் பெயர் சூட்டப்பட்ட அந்த இரும்புப் பாலம், 2013 மார்ச்சில் பக்கத்தில் புதிய பாலம் திறக்கும்வரை ஏறத்தாழ 90 வருடம் போக்குவரத்தைச் சுமந்தது. வாவியின் உப்புக் காற்றில் இரும்பு தானாக நிற்பதில்லை. யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். போனும் அப்படித்தான். பார்ப்பவர் கைவிட்ட நாளிலிருந்து அது துருப்பிடிக்கத் தொடங்குகிறது. நமது கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

நொக்கியா: எல்லோரும் வைத்திருந்தது

2000களின் நடுப்பகுதியில் போன் என்றால் நமக்கு நொக்கியாதான். டோர்ச் வெளிச்சத்தோடு வந்த 1100ஐ மறந்தவர் இருக்க முடியாது. கொஞ்சம் வசதியானவர்களும் வெளிநாட்டில் ஆள் இருந்தவர்களும் 6600, என்70, என்73 வைத்திருந்தார்கள். அவற்றுக்குள் இருந்த இயங்குதளத்தின் பெயர் சிம்பியன். 2007 அளவில் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கும் மேற்பட்டவை சிம்பியனில்தான் இயங்கின.

அந்தக் காலத்தில் பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகவே தெரியும். ஒபேரா மினியைத் திறந்து, முகவரி அடிக்கும் இடத்தில் ‘ஒபேரா:கொன்ஃபிக்’ என்று அடித்து, கடைசியில் உள்ள ஒரு தெரிவை ‘யெஸ்’ ஆக்கினால் தமிழ் தெரியும். அங்கே நடந்தது என்னவென்றால், போனுக்குத் தமிழ் தெரியாததால் ஒபேராவின் சேவர் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பியது. அந்தப் போன்களில் பெரும்பாலானவை கடைசிவரை தமிழைக் கற்றுக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் கற்றுக்கொடுக்கும் அப்டேட் அவற்றுக்கு வரவில்லை. ஆதரவு என்பது வங்கிக்காரருக்கும் கணினிக்காரருக்கும் மட்டுமான விடயமல்ல, நமது மொழியே அதில் தங்கியிருந்தது.

2011 பெப்ரவரி 11ஆம் திகதி, இனி மைக்ரோசொப்டின் வின்டோஸ் போனே தனது ஸ்மார்ட்போன்களின் பிரதான இயங்குதளம் என்று நொக்கியா அறிவித்தது. சிம்பியனின் ஆயுள் அன்றோடு முடிவாகிவிட்டது. 2014 ஜனவரி முதல் சிம்பியனுக்கான புதிய செயலிகளையும் அப்டேட்களையும் நொக்கியாவின் ஸ்டோர் ஏற்கவில்லை. 2017 ஜூன் 30 அன்று வட்ஸ்அப்பும் விடைபெற்றது. விலை குறைந்த நொக்கியா போன்களில் இருந்த எஸ்40க்கு 2018 டிசம்பர் 31 வரை தவணை கிடைத்தது.

நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள் என்பதால் ஒரு போன் நிலைக்காது. வரலாறு தந்த முதல் பாடம் இது.

வின்டோஸ் போன்: காசு இருந்தும் நிற்கவில்லை

நொக்கியா போனால் என்ன, மைக்ரோசொப்ட் உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமாயிற்றே, அது கைவிடுமா என்று நம்பியவர்கள் லூமியா வாங்கினார்கள். அழகான போன்தான், அதில் குறை சொல்ல முடியாது. முதல் லூமியாக்கள் 2011 இறுதியில் வந்தன. 2012 ஜூனில் மைக்ரோசொப்ட் வின்டோஸ் போன் 8ஐ அறிவித்தது. கூடவே, ஏற்கெனவே விற்ற போன்களுக்கு அது கிடைக்காது என்றும் சொன்னது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத போன் அன்றே பழையதாகிவிட்டது.

2014 ஏப்ரலில் நொக்கியாவின் போன் தொழிலையே மைக்ரோசொப்ட் வாங்கி முடித்தது. மறு வருடம் ஜூலையில் அந்தக் கொள்வனவில் 760 கோடி டொலரை நட்டமாக எழுதித் தள்ளியது. வின்டோஸ் போன் 8.1க்கான ஆதரவு 2017 ஜூலையில் முடிந்தது. வின்டோஸ் 10 மொபைலின் ஆதரவு 2020 ஜனவரியோடு ஓய்ந்தது. வட்ஸ்அப் 2019 டிசம்பர் 31 அன்றே நின்றுவிட்டது.

இரண்டாவது பாடம்: நிறுவனத்திடம் பணம் இருப்பது வேறு, அந்தப் பணத்தை நமது பழைய போனுக்குத் தொடர்ந்து செலவழிப்பது வேறு.

பிளாக்பெரி: பாதுகாப்பின் பெயர் பெற்றது

கொழும்பில் கோட் போட்டவர்களின் கையில் இருந்தது பிளாக்பெரி. பாதுகாப்பு என்றால் பிளாக்பெரி என்றே பேச்சு. 2022 ஜனவரி 4ஆம் திகதி அதன் பழைய இயங்குதளங்களுக்கான சேவைகள் நிறுத்தப்பட்டன. அந்த நாளுக்குப் பிறகு அழைப்பு, குறுஞ்செய்தி, டேட்டா எதுவும், அவசர அழைப்புகூட, ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது என்று நிறுவனமே சொன்னது. ஒரு காலத்தில் உறுதியாக இருந்த பூட்டு, பார்ப்பாரில்லாமல் போனபின் பூட்டாக இருப்பதில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கென வந்தவை

விலை குறைந்த போன்களுக்கென்று தனியாக இயங்குதளங்களும் வந்தன. மொசில்லாவின் பயர்பொக்ஸ் ஓஎஸ் 2014 ஆகஸ்டில் இந்தியாவில் சுமார் 2,000 இந்திய ரூபாவுக்கு வந்தது. 2015 டிசம்பரில் மொசில்லா ஸ்மார்ட்போன் முயற்சியை விட்டுவிட்டது. சம்சுங் தனது டைசன் இயங்குதளத்தோடு இசட்1 என்ற போனை 2015 ஜனவரியில் இந்தியாவில் இறக்கி, அடுத்து பங்களாதேஷுக்கும் கொண்டுவந்தது. அதன் செயலிக் கடை 2021 இறுதியோடு மூடப்பட்டது.

இந்தப் பரீட்சார்த்தங்களின் களங்களில் தெற்காசியா போன்ற ஏழைச் சந்தைகளும் இருந்தன. வென்றால் நிறுவனத்துக்கு நல்லது. தோற்றால் வாங்கிய குடும்பத்துக்குத்தான் நட்டம்.

அன்ட்ரொயிட்: மரம் நிற்கிறது, கிளைகள் விழுகின்றன

முதல் அன்ட்ரொயிட் போன் 2008இல் விற்பனைக்கு வந்தது. இன்று நமது ஊரில் பத்துப் பேரைப் பிடித்தால் பெரும்பாலானோர் கையில் அதுதான். அன்ட்ரொயிட் சாகவில்லை. ஆனால் ஒவ்வொரு அன்ட்ரொயிட் போனும் தனித்தனியே சாகிறது. இதை விளங்கிக்கொள்வது முக்கியம்.

கூகுள் ஒரு பாதுகாப்பு அப்டேட் தயாரித்தால் அது நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. குவால்கொம், மீடியாடெக் போன்ற சிப் தயாரிப்பாளர் தனது பகுதியைத் தர வேண்டும். பிறகு போன் கொம்பனி அதைத் தனது மொடலுக்கு ஏற்றபடி பொருத்தி, சோதித்து, அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒருவர் “இந்த மொடல் பழசு” என்று கையை விட்டால் மற்றவர்களின் வேலையும் உங்கள் கைக்கு வந்து சேராது. மலிவான போனில் இலாபம் சொற்பம். பல வருடம் அப்டேட் செய்துகொண்டிருக்க கொம்பனிக்கு ஆசை இருப்பதில்லை.

இதைத் தீர்க்கவென்று கூகுள் 2014இல் ‘அன்ட்ரொயிட் வன்’ திட்டத்தைத் தொடங்கியது. விலை குறைந்த போன், ஆனால் அப்டேட்டை கூகுள் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் எண்ணம். செப்டெம்பரில் இந்தியாவில் தொடங்கி, அந்த வருட முடிவிலேயே இலங்கைக்கும் வந்தது. நல்ல எண்ணம். ஆனால் கொடுத்த வாக்கு இரண்டு வருடம்தான்.

2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளியானது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே போனுக்குள் புகுந்துவிடலாம் என்பதால் உலகம் முழுவதும் பதறியது. அதற்குப் பிறகே கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வெளியிடத் தொடங்கியது. 2017இல் அன்ட்ரொயிட் 8ஓடு, சிப் பகுதியையும் இயங்குதளத்தையும் பிரித்து வைத்து அப்டேட்டை இலகுவாக்கும் ‘ட்ரெபிள்’ ஏற்பாடு வந்தது. இன்று நீண்ட ஆதரவு தர முடிவதற்கு இது ஒரு முக்கிய அடித்தளம்.

இடையில் அரசியலும் புகுந்தது. நமது கடைகளில் நன்றாக விற்ற ஹூவாவியை 2019 மே மாதம் அமெரிக்கா தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான ஹூவாவி மொடல்களில் கூகுள் சேவைகள் இல்லை. போன் தரத்தில் குறை இல்லை. ஆனால் பிளே ஸ்டோரையும் கூகுள் சேவைகளையும் எதிர்பார்த்து எழுதப்பட்ட செயலிகளுக்கு மாற்று வழி தேட வேண்டியதாயிற்று.

நமது வீடுகளில் இது எப்படி வலித்தது

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஈ-தக்சலாவ, சூம், வட்ஸ்அப் குழு என்று படிப்பு போனுக்குள் போனது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எங்கும் பெற்றோர் அலைந்து போன் வாங்கினார்கள். தையல் காசில் வாங்கியவர்கள் உண்டு, நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, கட்டாரிலும் சவூதியிலும் இருந்த வாப்பாவோ மாமாவோ அனுப்பிய பழைய போனை வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு.

அந்த வருடம் தரம் 6இல் இருந்த பிள்ளை 2025இல் தரம் 11. அதே 2020இல் அன்ட்ரொயிட் 10ஓடு வாங்கிய, மேல் பதிப்புக்குப் போகாத ஒரு போனை எடுத்துக்கொள்ளுங்கள். அன்ட்ரொயிட் 10க்கான பாதுகாப்பு அப்டேட்களை கூகுள் 2023 ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டது. பிள்ளை தரம் 9க்கு வரும்போது போனின் பாதுகாப்பு முடிந்துவிட்டது. சாதாரண தரப் பரீட்சை இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் 2022 வந்தது. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. புதுப் போன் என்ற பேச்சே பல வீடுகளில் அடங்கிப்போனது. ஆதரவு முடிந்த போன்களையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இன்று அந்தப் போன்களுக்குள் என்ன இருக்கிறது? வங்கிச் செயலி இருக்கிறது, ஓடிபி வரும் சிம் இருக்கிறது, குடும்பப் பெண்களின் படங்கள் இருக்கின்றன, சங்கத்தின் கணக்கு இருக்கிறது. உம்ரா போகிறவர்களுக்கு நுசுக் செயலி வேண்டும். மதீனாவில் ரவ்ளா ஷரீபில் தொழுவதற்கான அனுமதி அதன் வழியாகத்தான். இவற்றில் பல நமக்கு மட்டும் சொந்தமானவையல்ல, பிறர் நம்மை நம்பித் தந்த அமானிதம். ஆதரவு முடிந்த போன் மறுநாளே திருடு போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் ஓட்டை தெரிந்தும் அடைக்க ஆளில்லாத பெட்டியில் அமானிதத்தை வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காற்று மாறிய கதை

நல்ல செய்தியும் இருக்கிறது. 2013இல் வந்த ஐபோன் 5எஸ் 2018 வரை புதிய பதிப்புகளையும், 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட்டையும் பெற்றது. சிப், போன், இயங்குதளம் மூன்றும் அப்பிளின் கையிலேயே இருப்பதால் சங்கிலி குறுகியது. அன்ட்ரொயிட் பக்கத்தில், நெதர்லாந்தின் பெயார்போன் என்ற சிறிய நிறுவனம் 2015இல் விற்ற தனது இரண்டாவது மொடலுக்கு 2023 வரை ஆதரவு கொடுத்தது. மனமிருந்தால் சின்ன நிறுவனத்துக்கும் முடியும் என்று அது காட்டியது.

பெரிய நிறுவனங்களும் மெல்ல அசைந்தன. சம்சுங் 2020இல் மூன்று பதிப்புகள் என்றது. 2022இல் தெரிவுசெய்த மொடல்களுக்கு நான்கு பதிப்புகளும் ஐந்து வருடப் பாதுகாப்பும் என்றது. 2023 ஒக்டோபரில் கூகுள் தனது பிக்சல் 8க்கு ஏழு வருடம் அறிவித்தது. 2024 ஜனவரியில் சம்சுங் கலக்ஸி எஸ்24க்கு அதே ஏழு வருடத்தைச் சொன்னது. இவை விலை கூடியவை. ஆனால் அதே வருடம் நடுத்தர விலையில் வந்த கலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருடம் என்று அறிவித்ததைத்தான் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும்.

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டம். ஒரு மொடலின் விற்பனையை நிறுவனம் நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தரவேண்டும். அங்கே வாங்குபவர்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது. கேட்காத இடத்தில் பழைய கையிருப்புதான் வந்து குவியும்.

அப்படியானால் எதை வாங்குவது?

அன்ட்ரொயிட்டா ஐபோனா என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. வரலாறு சொல்வதெல்லாம் இதுதான்: பெயரையும் பெருமையையும் நம்பாமல் எழுத்தில் கொடுத்த திகதியை நம்புங்கள். கடையில் இவற்றைப் பாருங்கள்.

1. இந்த மொடல் உலகச் சந்தைக்கு வந்த வருடம் எது? பெரும்பாலும் ஆதரவுக் காலம் மொடல் வெளிவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. 2022இல் வந்த மொடலை 2025இல் பெட்டி பிரிக்காமல் வாங்கினாலும் மூன்று வருடம் போய்விட்டது.

2. எந்த வருசம் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்? நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் மொடல் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் “அதெல்லாம் வரும்” என்றால் அது பதிலல்ல.

3. கையிலுள்ள போனில் ‘செட்டிங்ஸ்’ போய், போனைப் பற்றிய பகுதியில் பாதுகாப்பு அப்டேட் திகதியைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கும் பழையதாக இருந்து, புதிதாகவும் ஒன்றும் வராவிட்டால் ஆதரவு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. வெளிநாட்டிலிருந்து பழைய ஐபோன் வருகிறதென்றால் மொடலைக் கேளுங்கள். 2023இல் வந்த ஐஓஎஸ் 17 ஐபோன் 8ஐயும் ஐபோன் எக்ஸையும் விட்டது. 2025இல் வந்த ஐஓஎஸ் 26 எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டையும் விட்டது. 2019இல் வந்த ஐபோன் 11 அப்போது வரிசையின் வாசலில் நின்றது.

5. விலையை, மிச்சமிருக்கும் ஆதரவு வருடங்களால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு உதாரணம்: 30,000 ரூபா போனுக்கு இரண்டு வருடம் மிச்சமென்றால் வருடத்துக்கு 15,000. 54,000 ரூபா போனுக்கு ஆறு வருடமென்றால் வருடத்துக்கு 9,000. மலிவு எது?

6. நினைவகத்தையும் பாருங்கள். ஆறு வருட ஆதரவு இருந்தாலும் ரம் போதாத போன் பிற்காலத்தில் இழுத்து இழுத்தே ஓடும்.

“கையில் 30,000தான் இருக்கிறது சேர், 54,000க்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வகுத்தல் கணக்கு இல்லாத காசை உண்டாக்காது. அப்படியானவர்கள் புதிய மலிவு மொடலோடு, இன்னும் மூன்று நான்கு வருட ஆதரவு மிச்சமிருக்கும் நல்ல மொடலின் பாவித்த போனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றரி மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இந்தக் கேள்வி உண்மையில் நமது அமைப்புகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். பள்ளிவாசல்கள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டிலுள்ள நமது சகோதரர்கள் மாணவர்களுக்குப் போனும் டெப்பும் அன்பளிப்பாகத் தருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அடுத்த முறை விலைமனு எடுக்கும்போது ஆதரவு முடியும் வருடத்துக்கும் ஒரு நிரல் சேருங்கள். அடுத்த வருடம் ஆதரவு முடியும் பத்துப் போனைக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, பிள்ளை தரம் 6இலிருந்து தரம் 11 வரை கொண்டுபோகக்கூடிய ஆறு போன் கொடுப்பது மேல்.

பழைய போனை வீசவும் வேண்டாம், அது வீண்விரயம். வங்கிச் செயலியையும் சிம்மையும் கழற்றி, கணக்குகளை அழித்துவிடுங்கள். கிராஅத் கேட்கவும், கடந்தகால வினாத்தாள்களைப் பார்க்கவும், உம்மம்மாவின் மருந்து நேரத்துக்கு அலாரம் அடிக்கவும் அது இன்னும் பல வருடம் உதவும்.

நொக்கியா போனது, லூமியா போனது, பிளாக்பெரி போனது. இன்று கையில் இருப்பதும் ஒருநாள் போகும். போகும் நாளைத் தெரிந்துகொண்டு வாங்குவது நமது கையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கடைக்குப் போகும்போது “எவ்வளவு?” என்பதற்கு முன் “எந்த வருசம் வரைக்கும்?” என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரரும் தேடிப் பார்த்து வைப்பார். நாற்பது பேர் கேட்டால் பதில் உள்ள போன்களையே அவர் எடுத்துவருவார்.